கரட்டுப்புதூருக்கு சப்ஸ்டேஷன் வந்த விதம்

இந்தக் கதையை நானே பல வருடங்களாக நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீங்கள் பக்கத்து இடத்தை வாங்கிப் போட்டுவிட்டு, "ஈஸ்வரமூர்த்தி சொன்னார், நம்பி வாங்கினேன்" என்று சங்கத்தில் வந்து நிற்கக் கூடாது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்கள். ஃபேன் ஓடாது. இன்றைக்கு ஷட்டவுன். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள், பேப்பரில் போட்டுவிட்டுத்தான் நிறுத்துவார்கள். நீங்கள் பேப்பர் பார்ப்பதில்லை போலிருக்கிறது. இந்தத் தொழிற்பேட்டையில் கரண்ட் எப்படி என்று விசாரிக்க வந்த ஆள், கரண்ட் இல்லாத ஒரே நாளாகப் பார்த்து வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை. மெஷின் ஓடினால் இப்படி உட்கார்ந்து பேச முடியாது. டீயும் வராது.

கரண்ட் எப்படி என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது. உங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு ஒரு குறையும் வராது. இரண்டு பக்கத்திலிருந்து லைன் வருகிறது, ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். தெருவுக்கு ஒரு ஃபீடர், அதாவது தனி மின்பாதை. மூன்றாம் தெருவில் ஏதாவது கோளாறு என்றால் மூன்றாம் தெருவோடு போகும், இங்கே உங்கள் காபி ஆறாது. கரட்டுப்புதூரைப் பார்த்துவிட்டு மற்ற பேட்டைக்காரர்கள் பொறாமைப்படுகிறார்கள். அவ்வளவுதான் பதில். நீங்கள் எழுந்து போகலாம்.

போகவில்லையே? அப்படியானால் கேளுங்கள்.

இருபது வருடத்துக்கு முன்னால் இந்தப் பேட்டைக்கு ஒரே ஒரு லைன். எங்கேயோ தொலைவில் கிளம்பி, தென்னந்தோப்பு, மஞ்சள் காடு, மூன்று ஊர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்களிடம் வரும். ஒரு மட்டை விழுந்தால் போச்சு. காற்றடித்தால் போச்சு. காற்றே அடிக்காவிட்டாலும் எதிர் வரிசையில் தங்கமுத்து தன் உலையைப் போட்டால் போச்சு. தங்கமுத்து வார்ப்பட ஆலை வைத்திருக்கிறான், என்னைவிட மூத்தவன்தான், ஆனாலும் எங்களுக்குள் வாடா போடா. வரும்போது பார்த்திருப்பீர்கள், மஞ்சள் கேட். அவன் உலையைப் போட்டால் என் டியூப்லைட் கண்ணடிக்கும். நான் வாசலில் வந்து நின்று கத்துவேன். அவன் அங்கிருந்து கத்துவான்: "என்ன மூர்த்தி, உன்ற லைட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது, நீ ஏன் கோவிச்சுக்கற?"

அவனுக்கு எல்லாம் வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. நான் செய்வது மூடி. தேங்காயெண்ணெய் பாட்டில் வாங்குகிறீர்களே, அதன் மூடி. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பேரலுக்குள் உருகின பிளாஸ்டிக் அப்படியே கல்லாகிவிடும். பிறகு அதைச் சூடேற்றி, குடைந்து, வெளியே தள்ளி, பாதிப் பொழுது அதிலேயே போய்விடும். அப்போது என்னிடம் இரண்டு மெஷின். இரண்டும் பழசு.

நான் எதையும் இரண்டு தரம் யோசிக்கிற ஆள். தங்கமுத்து சொல்லுவான்: "மூர்த்தி சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி, போடட்டுமான்னு சுவிட்சைக் கேட்டுட்டுத்தான் போடுவான்." சொல்லட்டும். யோசிக்கிறவனுக்கு மூடி மட்டும்தான் கல்லாகும். யோசிக்காதவனுக்கு எல்லாமே கல்லாகும். இது நானாகச் சொல்வது, எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மின்வாரியத்துக்குப் புதிதாக ஒரு ஏ.இ. வந்தார். உதவிப் பொறியாளர் சாந்தாமணி. முப்பது தாண்டியிருக்கும். உயரம், கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை, ஸ்கூட்டர். அதற்கு முன் இருந்தவர்கள் எல்லாம் சங்க ஆபீசில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இந்த அம்மா போண்டாவைத் தொடாமல் ஒவ்வொரு ஷெட்டாக ஏறி இறங்கினார். "உங்க பேட்டைக்குன்னு தனி சப்ஸ்டேஷன் கேட்டு எழுதப் போறேன். இப்ப எவ்வளவு ஓடுது, அஞ்சு வருஷத்துல எவ்வளவு ஓடும், உண்மையைச் சொல்லுங்க" என்றார்.

உண்மையைச் சொல்லுங்கள் என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே வியர்த்துவிடும். நீங்களும் தொழில் செய்கிறவர்தானே, தெரியும். அரசாங்க வேலையில் இருக்கிறவர் எது கேட்டாலும் குறைத்துச் சொல்ல வேண்டும். மெஷின் பத்து என்றால் டெபாசிட் கட்டச் சொல்வான், இத்தனை நாள் எப்படி ஓட்டினாய் என்பான், அவன் போய் வரிக்காரனிடம் சொல்வான். தங்கமுத்து அந்த அம்மாவை உலைக்கு முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு, "இதுங்களா, சும்மா சாமி கும்புடறதுக்கு" என்கிற மாதிரி பேசினான். நட்டு போல்ட் போடுகிற ராமசாமியண்ணன், "லேத்து அஞ்சு இருக்குதுங்க, ஆனா நாலு ஓடறதில்லீங்க" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அஞ்சும் ஓடிக்கொண்டிருந்தது. நானும்தான். இரண்டு மெஷினில் ஒன்று ஷோவுக்கு என்று சொன்னேன். மூடி செய்கிற மெஷினை யாராவது ஷோவுக்கு வைப்பார்களா? அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "நீங்க எல்லாரும் சொன்னதைக் கூட்டிப் பார்த்தேன். இந்தப் பேட்டைக்கு சப்ஸ்டேஷன் தேவையில்லைங்க. ஒரு சைக்கிள் டைனமோ போதும். மிதிக்கறதுக்கு ஆள் மட்டும் நீங்க போட்டுக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எவன் முதலில் உண்மையைச் சொல்வது? அந்த அம்மா எங்களைப் பார்த்தார், நாங்கள் போண்டாவைப் பார்த்தோம்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் தரகர் நாச்சிமுத்து பேட்டைக்குள் வந்தார்.

கல்யாணத் தரகர். இந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் முடித்துவைத்த கல்யாணம் எத்தனை என்று அவருக்கே தெரியாது. வெயிலோ மழையோ கையில் குடை. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, எல்லோரையும் "ஏஞ்சாமி" என்பார். அவர் ஒரு ஷெட்டுக்குள் நுழைந்தால் அங்கே யாருக்கோ வரன் வந்திருக்கிறது என்று பக்கத்து ஷெட்டில் லேத் நின்றுவிடும். அந்த முறை அவர் ஒரு ஷெட்டையும் விடவில்லை. பையன் இருக்கிறவன் பையனை, தம்பி இருக்கிறவன் தம்பியை, மச்சினன் இருக்கிறவன் மச்சினனை, ஒருவரும் இல்லாதவன் அக்கா மகனைக் காட்டினான்.

தரகர் என்ன கேட்பார்? பையன் தொழில் எப்படி என்றுதான். எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள்?

அரசாங்கத்துக்குச் சொல்கிற கணக்கு வேறு, சம்பந்திக்குச் சொல்கிற கணக்கு வேறு. தங்கமுத்து தன் மூத்த மகனுக்காக, "உலை ரெண்டு இருக்குதுங்ணா, மூணாவதுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, நாலாவதுக்கு இடம் பார்த்தாச்சு" என்றான். மகளுக்கு மாப்பிள்ளை தேடின ராமசாமியண்ணனின் ஓடாத நாலு லேத்தும் ஓட ஆரம்பித்துவிட்டன, பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் லேத் வேறு வரப்போகிறது என்று சொல்லிவிட்டார். ஒவ்வொருவனும் நெஞ்சை நிமிர்த்தி, ஷெட்டைச் சுற்றிக் காட்டி, காலி இடத்தைக் கூட, "இங்க ஒண்ணு வருது, அங்க ஒண்ணு வருது" என்று விரல் நீட்டினான். நாச்சிமுத்து குடையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "மோட்டாரு எத்தனை குதிரைங்க சாமி?" என்றாராம். பெண் வீட்டில் குதிரைத் திறன் கேட்பார்களா என்று ஒருவனும் யோசிக்கவில்லை. வசதியான பெண் வீடு போலிருக்கிறது, விவரமாக விசாரிக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார்கள்.

என்னிடமும் வந்தார். எனக்கு அப்போது முப்பத்தைந்து. அப்பா அம்மா இல்லை, எனக்கு நான்தான். வந்த வரனை எல்லாம் நான் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிச் சொல்லி, வரன் கொண்டுவருகிறவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலம் அது. அந்த வரனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் ஒன்றும் பெரிதாக இல்லை. முதலில் சப்ஸ்டேஷன்.

மறுபடி சங்கக் கூட்டம். அந்த அம்மா வந்தார். இந்த முறை துணிப்பையைக் கூடத் திறக்கவில்லை. நின்றபடியே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"தங்கமுத்தண்ணா, மூணாவது உலை எப்ப வருது?"

தங்கமுத்து வாயில் வைத்த போண்டாவை மெல்லவில்லை.

"நாலாவதுக்கும் சேர்த்துப் போட்டுக்கறேன். ராமசாமியண்ணா, உங்க கம்ப்யூட்டர் லேத்துக்கு வோல்டேஜ் ஒரே சீரா இருக்கணும், தெரியுமில்லீங்க? நான் தனி ஃபீடராவே எழுதிடறேன்."

"அது... யாருங்க சொன்னது உங்களுக்கு?" என்றார் ராமசாமியண்ணன்.

"ஏங்ணா, இல்லையா?"

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ராமசாமியண்ணனுக்கு நேர் எதிரில் தங்கமுத்து உட்கார்ந்திருக்கிறான். அந்த வாரம்தான் தங்கமுத்து மகனுக்கும் ராமசாமியண்ணன் மகளுக்கும் ஜாதகம் பொருந்தியிருக்கிறது. இப்போது ராமசாமியண்ணன் இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? தங்கமுத்து இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வரிக்காரனுக்குப் பயந்தவன் சம்பந்திக்குப் பயப்படாமல் இருப்பானா?

"இருக்குதுங்க," என்றார் ராமசாமியண்ணன்.

"நாலு உலைங்க," என்றான் தங்கமுத்து, கொஞ்சம் சத்தமாகவே.

அவ்வளவுதான். ஒவ்வொருவனும் தரகரிடம் விட்ட கதையை எல்லோருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டு, அப்புறம் அந்த அம்மா பையிலிருந்து எடுத்து நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டான். கடைசியில் என்னிடம் வந்தார். மற்ற எல்லோருக்கும் அவரே கணக்கைச் சொன்னார். என்னிடம் மட்டும், "உங்களுக்கு எவ்வளவு போடட்டுங்க?" என்று கேட்டார். என் கணக்கு மட்டும் அவர் மறந்துவிட்டார் போல. அத்தனை பேருடைய கணக்கை மனதில் வைத்திருந்தவர் ஒன்றை மறப்பது சகஜம்தானே.

"பத்து மெஷின்," என்றேன்.

"பத்தா?"

"பத்துதாங்க."

"சரிங்க, பத்து" என்று எழுதிக்கொண்டார்.

இந்த சப்ஸ்டேஷன் அந்தக் கணக்கில் வந்தது. அத்தனையும் நாங்கள் விட்ட புளுகு. அது கட்டி முடித்தபோது இருந்த தேவைக்கு மூன்று மடங்கு பெரியது, இன்னொரு டிரான்ஸ்பார்மர் வைக்க இடம் வேறு விட்டிருந்தார். மேலதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, "யானைக்குப் போடற தொட்டியில பூனை தண்ணி குடிக்குது" என்றார்களாம். ஆனால் கரண்ட் நிற்காமல் வர ஆரம்பித்ததும் என்ன ஆச்சு? தங்கமுத்துவுக்கு இப்போது ஐந்து உலை. ராமசாமியண்ணன் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் லேத் வரிசையாக வைத்திருக்கிறார். வெளியூர் ஆட்கள் இடம் கேட்டு வருகிறார்கள், உங்களைப் போல. புளுகினது எல்லாம் நடந்துவிட்டது. என்னிடமும் இப்போது பத்து மெஷின். போகும்போது எண்ணிப் பாருங்கள்.

திறப்பு விழா அன்றைக்கு அந்த அம்மா இந்தப் பக்கம் வந்தார். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அதே இரண்டு மெஷின்.

"மீதி எட்டு எங்கேங்க?"

"வந்துட்டு இருக்குதுங்க."

சிரித்தார். "வரட்டும். கரண்ட் காத்திருக்கும்" என்றார். அடுத்த மாதம் தென்கோடிக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அந்த அம்மாதான் நாச்சிமுத்துவை அனுப்பினார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. கரண்ட் வந்த பிறகு நடந்த தங்கமுத்து மகன் கல்யாணப் பந்தியில் நாச்சிமுத்துவே சொன்னார். பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே: "ஏஞ்சாமி, உங்க பேட்டைக்கு கரண்ட் வந்ததே என்னாலதான். அந்த ஏ.இ. அம்மிணி எங்க வீதியிலதான் குடியிருந்துச்சு. 'அண்ணா, இவங்க எங்கிட்ட உண்மை பேச மாட்டேங்கறாங்க, உங்ககிட்ட பேசுவாங்க, போய்ட்டு வாங்க'ன்னு சொல்லுச்சு. வரனும் பார்த்த மாதிரி ஆச்சு, மோட்டாரும் எண்ணின மாதிரி ஆச்சு." பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து இது கரட்டுப்புதூர் பேட்டையின் தலபுராணம். புதிதாக யார் வந்தாலும் தங்கமுத்து சொல்லிவிடுவான்.

நான் மட்டும் நம்பவில்லை. படித்த பொறியாளர், அரசாங்க வேலை. தரகரை அனுப்பி மின்சார லோடு கணக்கெடுப்பாரா? நாச்சிமுத்து பாயசம் சாப்பிட்டால் எதையும் சொல்வார். தரகர் வந்தது தரகு வேலைக்காகவே இருக்கலாம். அவர் பேசினது அந்த அம்மா காதில் தற்செயலாக விழுந்திருக்கலாம். இப்படி நான் சங்கத்தில் சொன்னேன். தங்கமுத்து கேட்டான்: "ஏன் மூர்த்தி, எல்லாரும் நம்பறோம், உனக்கு மட்டும் என்ன நோவு?"

எனக்கு ஒரு நோவும் இல்லை. உண்மை எது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சரி, சொல்கிறேன். நீங்கள் வேறு இப்படிப் பார்க்கிறீர்கள்.

கதை உண்மை என்று வையுங்கள். அப்படியானால் அன்றைக்கு எனக்கு வந்த வரன், வரனே இல்லை. லோடு கணக்கு. பெண் என்று ஒருத்தி கிடையாது. கதை பொய் என்று வையுங்கள். அப்படியானால் எங்கேயோ ஒரு பெண் இருந்தாள், விசாரித்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எது தேவலை என்று நீங்களே சொல்லுங்கள். ஷெட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்போது சில நாள் ஒன்று தேவலை என்று தோன்றும், சில நாள் மற்றது.

வருத்தம் இல்லை. ஐம்பத்தைந்து ஆகிவிட்டது, இனிமேல் என்ன.

இப்போது எதற்கு அந்தப் பேச்சு என்றால், சப்ஸ்டேஷனுக்கு இருபது வருடம் ஆகிறது. சங்கத்தில் விழா மலர் போடுகிறார்கள். "மூர்த்தி, நீதான் சந்தேகப் பேர்வழி, நீயே விசாரிச்சு எழுது" என்று தங்கமுத்து என் தலையில் கட்டிவிட்டான். விசாரித்தேன். ஷெட் ஷெட்டாக, அந்த அம்மா போன மாதிரி. அன்றைக்குத் தரகர் உங்களிடம் என்ன கேட்டார்? எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எத்தனை மெஷின், எத்தனை குதிரை, அடுத்து என்ன வாங்கப் போகிறீர்கள்.

எனக்குக் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. ஏனென்றால் என்னிடம் அவர் மெஷினைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அன்றைக்கு வந்தார், உட்கார்ந்தார், குடையை மடித்து வைத்தார். "பொண்ணு கவர்மெண்டு வேலைங்க சாமி. அப்பா இல்லை, ஒரு தம்பி. தம்பி படிப்பு முடியட்டும்னு இத்தனை நாள் கல்யாணம் பண்ணிக்கல. உசரமான பொண்ணு, கண்ணாடி போட்டிருக்கும், பார்வைக்கு நல்லாருக்கும்" என்றார். அப்புறம் கேள்வி. "ஊர் ஊரா மாத்துவாங்க, பரவால்லீங்களா?" நான் தாராளமாகத்தான் சொன்னேன்: "அதுக்கென்னங்ணா, வேலையை விட்டுட்டு வரட்டும். இங்க பத்து மெஷின் வரப்போகுது, மேல்பார்வை பார்த்துக்கட்டும்." அவர் மெஷினைப் பற்றிக் கேட்கவில்லையே என்று எனக்கு ஒரு குறை, அதனால் நானே எடுத்துச் சொன்னேன். ஒவ்வொன்றாக, எது எங்கே நிற்கும் என்று நடந்து காட்டினேன். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. நான் திரும்பி வந்ததும் இன்னொரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நீங்க ஆக்குன சோத்துல உப்பு கம்மின்னு பொண்டாட்டி சொன்னா கோவிச்சுக்குவீங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கென்னங்ணா கோவம்? என்ற சமையல்ல குறை சொல்றதுக்கு எதுவும் இருக்காதுங்க."

"அப்படீங்களா" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். பதில் வரவில்லை. இத்தனை வருடம் நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், பத்து மெஷின் போதவில்லை, இருபது என்று சொல்லியிருக்க வேண்டும் என்று.

போன வாரம் தங்கமுத்துவிடம் கேட்டேன், "உன்ற கிட்ட உப்பைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

"உப்பா? உலையைப் பத்தித்தான் கேட்டாரு. ஏன், உன்ற மூடிக்கு உப்பு போடறியா?"

ராமசாமியண்ணனிடம் கேட்டேன். ஒருவரிடமும் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் ஷெட்டுக்கு வந்து, ஒரு மெஷினில் ஹீட்டர் பழுதாகிக் கல்லான பிளாஸ்டிக்கைக் குடைந்துகொண்டே யோசித்தேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். குடைந்துகொண்டிருந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது.

அந்த அம்மா முதல் முறை கணக்கெடுக்க வந்த நாள். மத்தியானம். காலையில் இருந்த கரண்ட் போய்விட்டது, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நான் மட்டும். அப்போது இங்கேயே ஒரு ஸ்டவ் வைத்து ஆக்கிச் சாப்பிடுவேன். அன்றைக்கு அரிசிம்பருப்புச் சோறு. எல்லா ஷெட்டும் ஏறி இறங்கி வெயிலில் வந்து நிற்கிறார், முகம் வாடிப் போயிருக்கிறது. சாப்பிடுங்கள் என்றேன். போண்டாவைத் தொடாதவர், உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டார். நெய் கூடக் கேட்டார். கடைசி வாயை முழுங்கிவிட்டு, "நல்லாருக்குங்க. உப்பு மட்டும் கம்மி" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அளவாத்தான் போட்டிருக்கேன். உங்க நாக்குல ஏதாச்சும் கோளாறா இருக்கும்" என்றேன். ஒரு அதிகாரியிடம் பேசுகிற பேச்சா அது? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தட்டை அவரே கழுவி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. தங்கமுத்துவுக்குத் தெரிந்தால் பேட்டை முழுக்கப் போஸ்டர் ஒட்டிவிடுவான். ஒரு பெண் அதிகாரி தனியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார் என்றால் அவர் பெயருக்கும் ஆகாது. அதனால் இன்று வரை யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். நீங்களும் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்துவைப் பார்க்கப் போனேன். இப்போது காங்கேயத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள், வீட்டுக்குள்ளேயும் குடையைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். என் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்.

"மூடிக்கார தம்பியா? என்ன, பையனுக்குப் பொண்ணு பார்க்கோணுமா?"

"எனக்கே ஆகலைங்ணா."

"இன்னுமா? அட ஏஞ்சாமி! இன்னும் யோசிச்சுட்டுத்தான் இருக்கறயா? ஜாதகம் வெச்சிருக்கியா, பார்த்துரலாமா?" மகள் உள்ளேயிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

மலருக்காக வந்தேன் என்றேன். சங்கத்துக் கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மாதான் அனுப்பினாரா, உண்மையா?

"எத்தனை தடவை சொல்றது? சத்தியமா அந்த அம்மிணிதான் அனுப்புச்சு. மோட்டாரு, குதிரை எல்லாம் அது சொல்லிக் குடுத்துத்தான் நான் கேட்டேன். எனக்கென்ன தெரியும் குதிரையைப் பத்தி? போய் தைரியமா எழுது."

எழுதிக்கொண்டேன். வேலை முடிந்தது. கதை உண்மை, அப்படியானால் வரன் பொய். எழுந்திருக்க வேண்டியதுதான். காபி வந்தது, குடித்தேன். மறுபடி எழுந்திருக்க வேண்டியதுதான். எழவில்லை. அவர் தலையைச் சாய்த்து, நான் இருக்கிற பக்கமாகக் காதைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். இத்தனை கல்யாணம் முடித்தவர், ஆள் எதற்காக எழாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியாதா.

"இன்னும் ஏதோ கேக்கோணும் போல இருக்குது," என்றார்.

"இல்லீங்ணா."

"சரி, இல்லைன்னா போ."

நான் போகவில்லை.

பாருங்கள், ஃபேன் சுற்றுகிறது. கரண்ட் வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள், எங்கள் பேட்டையில் அப்படித்தான். உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது அல்லவா? அதோ கம்ப்ரசர் போட்டுவிட்டார்கள். இனிமேல் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது, கொஞ்சம் இப்படிக் கிட்டே வாங்கள்.

குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை, குடை இல்லாத கையோடு இருந்த அவரைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. பிறகு கேட்டேன்:

"அண்ணா, அன்னைக்கு மத்தியானம் ஷெட்டுல நாங்க ரெண்டு பேர் மட்டுந்தான் இருந்தோம். சோத்துல உப்பு கம்மின்னு உங்ககிட்ட யாருங்ணா சொன்னது?"